பலகையின் கடைசி வரி

பட்டறைக்கு நான் சரக்கோடு கொண்டுபோகும் டெலிவரி நோட்டில், கையெழுத்துப் போடும் இடத்தில் தியாகு ஒரு கோடு மட்டும் இழுப்பார். பெயரை எழுதுங்கள் என்றால், "எழுத்தில ஒண்டும் வேண்டாம் சேர். சாமான் வந்திட்டுதுதானே?" என்று பேனாவை மூடிவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், அல் கூஸில் பெயர்ப்பலகை அடிக்கும் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவர் அவர். சலூன், பேக்கரி, டயர் கடை என்று பாதி துபாய்க்குப் பெயர் போட்ட கை. அரபி வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு புள்ளி இடம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டுதான் தேநீர் குடிப்பார். லீவில் ஊருக்குக் கிளம்பும் முன் போனிலுள்ள படங்களை ஒவ்வொன்றாக அழிப்பார். போன தடவை என் மகளுக்கு அவர் அடித்துக் கொடுத்த பிறந்தநாள் பேனரின் படம்கூடத் தப்பவில்லை.

கூட வேலை செய்யும் ராமநாதபுரத்து சோலைமுத்து, "அண்ணன்கிட்ட பேரு கேட்டா வக்கீலக் கூட்டிட்டு வரச் சொல்லுவாரு" என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

தியாகு முல்லைத்தீவுக்காரர். போர் முடிந்த நாளில் அவருடைய அண்ணன் குகநேசனை ராணுவத்திடம் கூட்டிப்போய் ஒப்படைத்தவர் அக்கா சந்திரகலா. விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்களாம். அண்ணன் திரும்பவில்லை. காணாமல் போனவர்களைக் கேட்டு உறவினர்கள் போராடும் சாலையோரப் பந்தலில், அக்கா பல வருடங்களாக அவர் படம் போட்ட பலகையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு லீவில் தியாகுவும் போய் நின்றார். சிவில் உடையில் வந்தவர்கள் படம் எடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கே வந்து, துபாயில் யார் யாரோடு பழக்கம் என்று இரண்டு மணி நேரம் கேட்டார்கள். கோடு இழுக்கும் பழக்கம் அதன் பிறகு வந்ததுதான்.

"இப்பதான் தேர்தல் நடந்து ஆட்சி மாறிடுச்சே?" என்றேன்.

"மாறினதுதான் சேர். வீட்டுக்கு வாற ஆக்கள் மாறேல்லை."

போன மாதம் அக்கா கூப்பிட்டிருக்கிறார். பலகை வெயிலில் வெளுத்துவிட்டது, புதிதாக அடித்துக்கொண்டு வா, 'தேடுவோர்' என்ற இடத்தில் உன் பெயரையும் போடு என்றாராம். விசாரணைக்கு வந்த ஒருவன் பழைய பலகையைப் பார்த்து, இவனை நீ ஒருத்திதான் தேடுகிறாயா என்று கேட்டானாம். எனக்கே ஆத்திரமாக வந்தது.

நான் போனபோது திரையில் எல்லாம் தயாராக இருந்தது. அண்ணன் படம், பெரிய எழுத்தில் பெயர், கீழே அக்காவின் பெயர். கடைசி வரி மட்டும் மூன்று நாளாகக் காலி. மறுநாள் விமானம்.

"பேரு போட்டா என்னண்ணே செய்வாங்க?" சோலைமுத்து அன்று கேலி செய்யவில்லை.

"தெரியாது தம்பி. திரும்பி இஞ்ச வர விடுவினமோ, என்னவோ."

கையில் ஒட்டியிருந்த சீனியைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். 'கந்தையா தியாகராசா' என்று பொடி எழுத்தில் தட்டினார். அவருடைய முழுப்பெயரை நான் அன்றுதான் பார்த்தேன். அவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தின் மூலையைப் பிடித்து, அண்ணன் பெயரின் அளவுக்கு வரும்வரை பெரிதாக்கினார்.