உப்புத் தண்ணீர் ஏற்றிய எலிகளும் ஓடின

பேராசிரியர் மங்கையர்க்கரசி அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தஞ்சாவூரில் தம் வீட்டில் காலமானார். வயது அறுபத்தாறு. பக்கவாதத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவரைக் கொண்டுபோனது இதய நோய். அவருடைய ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கும் செல்வராசுதான் எனக்குச் செய்தி சொன்னார். அழுதுகொண்டே பேசியவர் நடுவில் ஒருமுறை சிரித்தும் விட்டார். மேடத்தை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

நினைவு மலரில் எழுத, நன்றாகப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சைக்கிளில் தவிட்டு மூட்டை வைத்து விற்று, பிறகு திருக்காட்டுப்பள்ளி சாலையில் அரிசி ஆலை போட்டவன். ஆனாலும் ஒரு விஷயத்தை நான்தான் எழுத வேண்டும். அதில் குற்றவாளி நான்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மேடம் என் ஆலைக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பருத்திப் புடவை, தோளில் ஒரு பை.

"உமி வேணும் மொதலாளி. சலிச்ச உமி."

"செங்கல் சூளைக்கா மேடம்?"

"எலிக்குப் படுக்கை போட."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எலியை ஒழிக்க நான் வருசம் பூரா மல்லுக்கட்டுறேன். நீங்க அதுக்கு மெத்தை போடுறீங்களா?"

"உங்களுது திருட்டு எலி. என்னுது வேலை பாக்குற எலி. அதுக்கு மெத்தை, ஏசி எல்லாம் உண்டு."

அன்றைக்கே பேரமும் பேசினார்கள். சந்தையில் முப்பது வருடம் பழகிய நான் அந்தம்மாளிடம் தோற்றேன். இவ்வளவு சாமர்த்தியம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கப்பா வயல்ல கிட்டி வெச்சு எலி புடிக்கிறவரு. மிராசுதாருகிட்ட பேசிப் பேசியே எங்களைக் காப்பாத்துனாரு. அவரு எலியைக் கொன்னு என்னைப் படிக்க வெச்சாரு, நான் எலியை வளத்துச் சம்பளம் வாங்குறேன்" என்றார்கள். மூங்கிலை வில்லாக வளைத்து வரப்போரம் நட்டு வைக்கும் கிட்டியைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அதைப் பெருமையாகச் சொன்ன பேராசிரியரை மட்டும் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆய்வு என்ன என்பதை என் ஆலை முற்றத்திலேயே விளக்கினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் டீ குடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"தலைமதகுல சாக்கு அடைச்சிக்கிச்சுன்னா கடைமடை என்னாகும்?"

"காயும் மேடம்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"பயிரைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள்."

"மூளையில ரத்தம் அடைச்சா அவ்வளவு நாள் தாங்காது. மணிக்கணக்குதான். வாய் கோணினா, ஒரு பக்கக் கை விழுந்தா, பேச்சு குழறுனா, மந்திரிக்கப் போகாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"எலிக்கும் வாய் கோணுமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"எலி இப்படிப் பண்ணும்" என்று சொல்லி, ஒரு கையை மடக்கித் தொங்கவிட்டுக்கொண்டு, நெல் காயும் களத்தில் ஒரே பக்கமாக வட்டமடித்து நடந்து காட்டினார்கள். அடைப்பு வந்த எலியால் நேராக நடக்க முடியாதாம். டீ குடித்தவர்களுக்கெல்லாம் புரையேறியது. அந்த நடையை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

எலியை மயக்கத்தில் வைத்து, மூளைக்குப் போகும் குழாயில் ரத்தத்தை உறையவைத்து, மனிதனுக்கு வருவது போன்ற அடைப்பை உண்டாக்குவார்கள். பிறகு பாதி எலிகளுக்குப் புது மருந்தும், பாதி எலிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீரும் ஊசியில் ஏற்றுவார்கள். எதற்கு எது ஏறியது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். எலி எப்படி நடக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மூட்டை யாருடையது என்று தெரிந்துகொண்டு குத்தூசியால் ஒரு பிடி நெல்லை உருவித் தரம் பார்க்கிறவனின் கண், தெரிந்தவன் பக்கம்தான் சாயும். இன்னொன்றிலும் மேடம் பிடிவாதம். எல்லோரும் இளம் எலியை வைத்தே சோதித்துவிட்டு, மனிதனிடம் மருந்து பலிக்கவில்லையே என்று முழிக்கிறார்களாம். "பக்கவாதம் வர்றது இருவது வயசுப் பயலுக்கா? கெழட்டு எலியையும் வெச்சுப் பாக்கணும்" என்பார்கள். கிழட்டு எலிக்காக ஒன்றரை வருடம், இரண்டு வருடம் தீனி போட்டுக் காத்திருப்பார்கள்.

"பாவமில்லையா மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாவந்தான். அதனாலதான் ஒண்ணுகூட வீணாப் போகக் கூடாது."

இதைக் கேட்ட பிறகும் அப்படி ஒரு காரியம் என்னால் நடந்தது.

நாகூரிலிருந்து வந்த நஸ்ரின் என்ற பெண் அவரிடம் ஆராய்ச்சி மாணவி. அவருடைய பட்டமே அந்த மருந்தை நம்பித்தான் இருந்தது. ஓர் அறுவடைப் பருவத்தில் சோதனை முடிந்தபோது, ஏறத்தாழ எல்லா எலியும் நேராக ஓடியது. பாதிக்கு ஏறியது வெறும் தண்ணீர்தான் என்பதைச் சந்தோஷத்தில் மறந்து, நஸ்ரின் திருவையாற்றுக்குப் போய் அசோகா அல்வா வாங்கி வந்துவிட்டார். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. அப்புறம்தான் உறையைப் பிரித்தார்கள். உப்புத் தண்ணீர் ஏற்றிய எலிகளும் மருந்து ஏற்றியவற்றுக்குச் சமமாக ஓடியிருந்தன.

மறுநாள் காலை மேடம் ஆலைக்கு வந்தார்கள். கூடவே செல்வராசு.

"மொதலாளி, எலி வால்ல ஊசி குத்துனா ரத்தம் நிக்க மாட்டேங்குதுன்னு இவரு சொல்றாரு. உங்க கொடவுன்ல எலி மருந்து வெச்சீங்களா?"

வைத்திருந்தேன். அந்த வருடம் எலித் தொல்லை அதிகம். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் கட்டிகள் அவை; வாங்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆலை எலிகள் அவற்றைக் கடித்து இழுத்துப்போய், ஆய்வகத்துக்கு என்று சலித்து வைத்த உமிக்குள் பதுக்கியிருக்கின்றன. உமியோடு போன துணுக்குகளை மேடத்தின் எலிகள் கொறித்திருக்கின்றன. துணுக்குகள் மிகச் சிறியவை என்பதால் சாகவில்லை. ஆனால் ரத்தம் உறைந்தால்தானே அடைப்பு?

இத்தனையும் ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாயில் வந்தது பொய்தான். "மருந்தா? இங்க பூனைதான் மேடம்." அரிசி ஆலையில் எலி விஷம் என்ற பேச்சு வெளியே போனால் கடைக்காரர்கள் என் பக்கம் திரும்ப மாட்டார்கள் என்ற பயம்.

அவர்கள் கோபப்படவில்லை. தராசு மேடையில் உட்கார்ந்தார்கள்.

"வெச்சேன்னு சொன்னீங்கன்னா எனக்கு ஒரு வருசம் போச்சு. வெக்கலேன்னு சொன்னா, இல்லாத காரணத்தைத் தேடி ஆறு வருசம் அலைவேன். அந்தப் பொண்ணு நஸ்ரினும் என்கூட அலையும். எது ஒங்களுக்குச் சரின்னு படுதோ அதைச் சொல்லுங்க."

நெல்லில் ஈரத்தை மறைத்து விற்றவர்களை நான் எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். அப்படிப் பிடிபடுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. எழுந்துபோய், மிச்சமிருந்த கட்டிப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன்.

பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தார்கள். கண் கலங்கியது. "அத்தனை உசுரும் வீணாப் போச்சே" என்றார்கள். பிறகு எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு! "செல்வராசு, ஊரு பூரா பக்கவாதத்துக்கு மருந்து தேடுறோம். இவரு உமி மூட்டையில அனுப்பியிருக்காரு பாரு!"

"அல்வாவைத் திருப்பிக் கேட்டுடாதீங்க மேடம், தின்னுட்டேன்" என்றேன். செல்வராசு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். நஸ்ரினுக்கு ஓராண்டு தள்ளிப் போனது. ஒரு நாள்கூட என்மேல் முகம் சுளித்ததில்லை அந்தப் பெண். முடிவு என்ன? மருந்து இளம் எலிக்கு ஓரளவு கேட்டது. கிழட்டு எலிக்கு உப்புத் தண்ணீரும் அதுவும் ஒன்றுதான். மருந்து தோற்றதை அப்படியே கட்டுரையாக எழுதினார்கள். உமியில் விஷம் கலந்து முதல் சோதனை கெட்ட கதையையும் அதில் சேர்த்தார்கள். என் பெயரை மட்டும் சேர்க்கவில்லை. கட்டுரை வெளியான அன்று மேடமே அல்வா வாங்கி அனுப்பினார்கள். தோற்றதற்கு அல்வாவா என்று போன் போட்டேன்.

"பொய்யா ஜெயிச்சிருந்தா எவனோ ஒரு கெழவனுக்கு இதை ஏத்தி, நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க மொதலாளி. தப்பிச்சாரு இல்ல அந்தக் கெழவரு? அதுக்குத்தான் அல்வா."

யாரென்றே தெரியாத அந்தக் கிழவருக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் இப்போது அந்த வயது. அந்தக் கிழவர் நானாகவும் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை இறுதிச் சடங்கு. என் ஆலையிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் பதினோரு பேர் வெள்ளை வேட்டியில் வந்து வரிசையாக நின்றார்கள். பாடையை முதலில் தூக்கியது அவர்கள்தான். "மேடம் வெயிட்டே இல்லையே" என்று ஒருவர் முணுமுணுத்தார். போய் வாருங்கள் மேடம். நீங்கள் இல்லாத தஞ்சாவூரில் பேரம் பேசி ஜெயிப்பதில் எனக்கு ருசியே இருக்காது.

ஆய்வகத்தை இப்போது நடத்துவது நஸ்ரின்தான். வெள்ளிக்கிழமை ஆலைக்கு வந்தார். துக்கம் பேசி முடித்ததும், "அண்ணே, உமி பேசிடுவமா?" என்றார். பேசினோம். சலித்த உமி மூட்டை எண்பது ரூபாய். ஏற்றுகூலி என்னுடையது, இறக்குகூலி அவர்களுடையது. கொடவுனில் எலி மருந்து வைத்தால் அன்றே போன் செய்ய வேண்டும், அந்த வார உமிக்குக் காசு கிடையாது.