தனம் ஏன் சிவப்பைத் தொட்டார்?

மனிதர் அடுத்து என்ன முடிவெடுப்பார் என்பதைச் சமன்பாடாக எழுதுவது எங்கள் தொழில்; அதை மாடல் என்போம். சமன்பாடு பொய்த்தால் மனிதரைக் குறை சொல்வது தொழில் வழக்கம். மாடல் எழுதி அடிபட்ட சக பாவிகளே, நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

இரண்டு பெட்டிகள்

கடப்பாக்கத்தில் மீன் ஏலம் விடும் இடத்தருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விளையாட்டு எளிது. டேப்லெட்டில் ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு நீலப் பெட்டி. தொட்டால் சில சமயம் மீன் விழும், சில சமயம் விழாது. நீலத்தில்தான் அதிகம் விழும். அதைச் சொல்ல மாட்டோம். ஆடுபவர் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார் என்பதை வைத்து அவர் கற்கும் வேகத்தைக் கணக்கிடுவோம்.

மீன் விற்கும் தனம் பத்தே தடவையில் நீலத்தைப் பிடித்துவிட்டார். பிறகு திடீரென்று சிவப்பைத் தொட்டார். ஒன்றும் விழவில்லை. மறுபடி நீலம், கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு. சோதனை நடத்துபவர் வாய் திறக்கக் கூடாது. நான் திறந்துவிட்டேன்: "நீலத்துலதானே மீன் விழுது?" தனம் நிமிரக்கூட இல்லை.

"ஆடறது நீயா நானா? கம்முனு குந்து சார்."

இரைச்சல்

ஊரப்பாக்கத்தில் எங்கள் ஆய்வு அலுவலகம். கல்லூரி மாணவர்கள் ஆடியதை மாடல் கச்சிதமாகக் கணித்தது. கடப்பாக்கத்தாரில் ஒருவரைக்கூடக் கணிக்கவில்லை. எல்லோருமே தனம் போலச் சிவப்புக்குப் போய்வந்திருந்தார்கள். மாடலுக்குப் பொருந்தாததை நாங்கள் இரைச்சல் என்போம், நீக்குவோம். நீக்கினால் வரைபடம் அழகாகும். கூடவே, அவர்களுக்கு விளையாட்டே புரியவில்லை என்று எங்கள் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி அச்சாகும். அந்த வரியை அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவகாசம் கேட்டேன். தலைமை ஆய்வாளர் லதா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வாரம்தான். எனக்குக் காரணம் வேணும், கவிதை வேண்டாம்."

காரணம்

மறுபடி கடப்பாக்கம் போனபோது தனம் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். மீன் இல்லை என்று தெரிந்தும் சிவப்புக்கு ஏன் போனீர்கள் என்றேன். கத்தி நின்றது.

"இன்னா சார், நேத்து மீனு இல்லாத எடத்துல இன்னைக்கும் இருக்காதுன்னு கடலு எழுதிக் குடுத்துகீதா? ஒரு எட்டு பாத்துட்டு வந்தா இன்னா கொறஞ்சிபூடும்?"

ஒரே ஓர் எழுத்து

பெட்டியில் மீன் விழும் விகிதம் மாறாது என்றே ஆடுபவர் நம்புவார் என மாடலுக்குள் எழுதி வைத்தது நான்தான். சமன்பாட்டில் ஓர் எழுத்தைச் சேர்த்தேன்: ஒரு பெட்டியைத் தொடாமல் விட விட, அதைப் பற்றித் தெரிந்தது பழசாகிக்கொண்டே போகும். அவ்வளவுதான். கடப்பாக்கத்தார் எப்போது சிவப்புக்குப் போவார்கள் என்று மாடல் சொல்ல ஆரம்பித்தது. ஒருவரையும் நீக்கவில்லை. லதா மேடம் வரைபடத்தை இரண்டு முறை பார்த்தார்.

"இப்ப அந்தக் காலேஜ் பசங்களைப் பாருங்க. ஒரு தடவைகூட ஏன் எட்டிப் பார்க்கலை?"

மடித்த தாள்

எந்தெந்தத் தடவையில் சிவப்பைத் தொடுவார் என்று மாடல் சொன்னதை ஒரு தாளில் எழுதி, மடித்து, தனத்தின் கையில் கொடுத்துவிட்டு ஆடச் சொன்னேன். ஒரே ஒரு கணிப்பு மட்டும் ஒரு தடவை தள்ளிப்போனது, மற்றதெல்லாம் சரி. பிரித்துப் பார்த்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவால்ல சார், உன் கம்பூட்டருக்கும் புத்தி வந்துகினு கீது."

மனிதர்களை அளக்கப் போய் மாடலைத் திருத்திக்கொண்டு திரும்பியதுதான், இத்தனை வருட வேலையில் நான் மார்தட்டிக்கொள்ளும் ஒரே தோல்வி.