மூன்று பேர் இருக்கும் படம்

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே அவளுடைய ஸ்டூடியோ இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மேஜை. திரைக்குப் பின்னால் ஸ்டூலும் இரண்டு விளக்குகளும் சாம்பல் நிறத் துணியும். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்துக் குழுப் படம், எப்போதாவது ஒரு கல்யாணம். தெருவே அவளை ஸ்டூடியோ அக்கா என்றுதான் கூப்பிட்டது.

முதல்முறை வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"இந்த ஊர்தான்."

"இல்ல, சொந்த ஊரு?"

"இதே தெருன்னு வெச்சுக்கோங்க. தலைய நேரா வைங்க."

அக்காவின் அம்மா தமிழ் வீட்டுப் பெண். அப்பா கப்பல் பட்டறையில் மெக்கானிக். வேறு நிறம், வேறு பாஷை. அப்பாவின் சுருட்டை முடியும் அம்மாவின் மூக்கும் இரண்டு பேரிடமும் இல்லாத ஒரு நிறமும் அவளுக்கு வாய்த்தன. இரு பக்கத்து ஆட்களும் அவளைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தை வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அவள் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் பயந்தவள். அதை மறைத்ததும் இல்லை. சின்ன வயதில் அவர்கள் இருந்த தெருவுக்கு ஒரு மத்தியானம் கும்பல் வந்தது. கலப்புக் கல்யாணம் செய்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அம்மா கதவைத் தாழிட்டு, அப்பா இருந்த படம் ஒன்று விடாமல் அடுப்பில் போட்டாள். அப்பா எப்படியோ தப்பி, இரண்டு நாள் கழித்து யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறகு வேறு ஊர், வேறு வீடு. அதனால்தான் படம் எடுக்கும் தொழிலுக்கு வந்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அவள் வேலை தேடியபோது ஒரு ஸ்டூடியோவில்தான் இடம் காலியாக இருந்தது.

ஊர் கலை மன்றத்தின் செயலாளர், பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், ஒரு நாள் காலையில் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல ரெண்டு இனமும் ஒண்ணா இருக்கு, தெரியுமா? அந்தக் குடும்பங்களைக் கொண்டாடி ஒரு விழா வைக்கப்போறோம். பாட்டு, நடனம், கூடவே ஒரு படக் கண்காட்சி. படம் நீங்கதான் எடுக்கணும்."

"என்னால முடியாதுங்க."

"உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சதாலதான் சொல்றேன். யார் யார் எப்படி இருக்காங்கன்னு நாமே பெருசா படம் போட்டுச் சுவத்துல மாட்டிடறோம். நாளைக்கு எவனாவது தேடி வந்தா, அவனுக்கு அலைச்சல் மிச்சம்."

அம்மாள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வேறு ஒருவர் எடுத்த மாதிரிப் படங்களை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா சும்மாதான் புரட்டினாள். ஒரு படத்தில் மனைவியின் முகத்துக்கு வெளிச்சம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கணவனின் முகம் கண்ணும் மூக்கும் தெரியாத கரும்பள்ளமாக இருந்தது. இன்னொன்றில் கணவன் தெரிந்தான், மனைவி சுண்ணாம்புச் சுவர் போல வெளுத்துப்போயிருந்தாள். அன்று முழுக்க அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

"பயமா இருக்கு, ஆனா எடுக்கணும் போலயும் இருக்கு" என்று வீட்டில் சொன்னாள்.

அவள் கணவன் எலக்ட்ரீஷியன். "பயமில்லாம கரண்டைத் தொட்டவன் எவனும் எங்க தொழில்ல மிச்சமில்ல" என்றான். "தொடு. கையுறை போட்டுட்டுத் தொடு."

அவள் போட்டுக்கொண்ட கையுறை இதுதான்: எந்தப் படத்தின் அடியிலும் பெயர் வராது, தெரு வராது, படங்கள் மன்றத்துக்கு உள்ளேதான் மாட்டப்படும். அம்மாள் ஒத்துக்கொண்டார்.

குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு விளக்கையும் ஒரே பக்கம் வைப்பதை விட்டுவிட்டு, கறுத்த முகத்தின் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தாள். அட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அந்த முகத்தின் மேடு பள்ளமெல்லாம் எழுந்து வந்தன. ஒரு மாமியார் மருமகளின் தோளில் கை போட மறுத்தார். கடைசியில் மருமகள் தும்மியபோது தானாகவே பிடித்துக்கொண்டார். அந்தப் படம்தான் நன்றாக வந்தது.

நர்ஸ் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நர்ஸ் தமிழ்ப் பெண். அரசு ஆஸ்பத்திரியில் வேலை. கணவன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அக்காவுடைய அப்பாவின் இனம். மூன்று வயது மகளுக்குத் தலையைவிட முடி பெரிதாக இருந்தது. அது ஸ்டூலைச் சுற்றி ஓடியதே தவிர உட்காரவில்லை. வெல்டர் மடக்கிப் பிடித்து மடியில் வைத்ததும் அப்பாவின் காதைப் பிடித்து இழுத்தது. அவன் சிரித்தான், நர்ஸும் சிரித்துவிட்டாள், அக்கா அமுக்கினாள்.

கிளம்பும்போது நர்ஸ் வாசலில் தயங்கினாள்.

"பேரு வராதுல்லக்கா?"

"வராதும்மா."

"எங்க அப்பாவுக்கு இவ பொறந்ததே தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல ஆளுங்களோட பட்டறைக்கு வந்து, இவர இரும்புக் கம்பியால அடிச்சாரு. தோள்பட்டை உடைஞ்சுது. அதுக்கப்புறம்தான் இந்த ஊருக்கு வந்தோம்."

அக்கா வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஆனாலும் படத்தைப் பெரிதாக அச்செடுத்தாள். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஃப்ரேம் போடுவதற்காக அதை விழா நோட்டீஸின் பக்கத்தில் மேஜையில் விரித்து வைத்திருந்த நாளில், வயதான ஒருவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். வெளியே சுள்ளென்று வெயில். கையில் நீளமான கறுப்புக் குடை. "மகன்கிட்ட வெளியூர் போறேன். போற வழியில படம் எடுக்கணும்னு நினைவு வந்துச்சு" என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் மேஜையருகே நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"வாடிக்கைக்காரங்க."

"இந்த ஊரா?"

"இல்லீங்க, வெளியூர்" என்றாள் அக்கா. ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். குடையைக் கீழே வைக்கவில்லை, மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். கேமராவைப் பார்க்கச் சொன்னால் திரையைப் பார்த்தார். முதல் படத்தில் கண் பக்கவாட்டில் போயிருந்தது. இரண்டாவதை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அளவுக்கு வெட்டுவதற்காக முகத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கிய மோவாயில் ஒரு பிளவு இருந்தது. வலது புருவம் பாதியில் விட்டுத் தொடர்ந்தது. அந்த மோவாயையும் புருவத்தையும் முந்தின நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேஜையில் நர்ஸின் முகத்தில் அவை அப்படியே இருந்தன.

அவள் திரும்பியபோது அவர் கடையில் இல்லை. படத்தை வாங்கிக்கொள்ளாமலே போயிருந்தார். எட்டிப் பார்த்தாள். தெருவின் எதிர்ப்பக்கம், தையல் கடையின் கூரை நிழலில், குடையை ஊன்றியபடி ஸ்டூடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். அவர் போகும்வரை காத்திருந்து, பின்வாசல் வழியாக இறங்கி, நேரே போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு, பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நர்ஸ் முதலில் கேட்டது, "கையில குடை இருந்துச்சா?" என்றுதான். இருந்தது என்றதும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வெயிலோ மழையோ, எங்க அப்பா குடையில்லாம இறங்கமாட்டாரு. படத்த எடுத்துடுங்கக்கா."

சாயங்காலம் வெல்டரும் வந்தான். அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தன் இடது தோளைத் தடவிக்கொண்டான். "எனக்கும் பயந்தான்" என்றான் மனைவியிடம். "ஆனா நாம ஒளிஞ்சிருக்கிறது போதாதா? படமாவது ஒளியாம இருக்கட்டுமே."

நர்ஸ் அவனுடைய தோளில் கை வைத்தாள். பிறகு, "இருக்கட்டும். ஆனா முதல் நாள் நாங்க வரமாட்டோம்" என்றாள்.

விழா தொடங்கிய மத்தியானம் மன்றம் நிரம்பி வழிந்தது. அக்காள் தங்கைகள் இருவர், ஒருத்தி அம்மாவின் பாஷையிலும் ஒருத்தி அப்பாவின் பாஷையிலும் மாறி மாறி ஒரே தாலாட்டைப் பாடினார்கள். பிள்ளைகள் சுவரில் தங்களைத் தேடிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த படத்தின் கீழேயே நின்று அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். பொதுவாக யாரையும் பாராட்டாத தையல்காரர், "எல்லார் மூஞ்சியும் தெரியுதே" என்று அக்காவிடம் வந்து சொன்னார். அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. வாசலிலிருந்து கண்ணை எடுத்தால்தானே.

அவர் வந்தார். மேகம் துளியும் இல்லை, கையில் குடை.

கணவன் மேடையில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்காது. அக்கா தானே முன்னால் போய் வழியை மறித்தாள்.

"குடைய மேஜையில வெச்சிட்டுப் போங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குடையை வைத்தார். யாரையும் கேட்காமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், மூன்று பேர் இருக்கும் அந்தப் படத்தின் முன் நின்றார். அக்கா அவருடைய முதுகை ஒட்டி நின்றாள். அவர் வலது கையைத் தூக்கினார். அவள் எட்டி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடுங்க" என்றார் மெதுவாக. "கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியுது. அத மறைச்சாதான் புள்ள தெரியும்."

அவள் விட்டாள். அவர் கண்ணாடியருகே கையைக் குவித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பொண்ணா?"

"ஆமாங்க."

"பேரு?"

"சொல்லமாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த மனிதர் மேல் இரக்கம்கூட வந்தது.

அந்த இரக்கம் மறுநாள்வரைதான் நின்றது. மற்றக் கடைகள் திறப்பதற்கு முன்பே ஸ்டூடியோ வாசலில் நின்றார். பாஸ்போர்ட் படங்களை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகவில்லை.

"அந்தப் படத்துல ஒண்ணு வேணும். புள்ளய மட்டும் வெட்டிக் குடுங்க."

"முடியாதுங்க."

"அவன் எனக்கு வேணாம். புள்ள மட்டும் போதும். என் படத்த வெட்டுனீங்கல்ல? அது மாதிரிதான."

குழந்தை அப்பாவின் மடியில் இருந்தது. அவன் காது அதன் கையில் இருந்தது. வெட்டினால் அந்தக் கையையும் வெட்ட வேண்டும். அக்கா அதையெல்லாம் விளக்கவில்லை.

"அது மூணு பேரோட படம். வெட்டமாட்டேன்."

அவர் குடையை ஓங்கி மேஜையில் அடித்தார். மேஜைக் கண்ணாடி குறுக்கே விரிந்தது. கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவே அக்கா ஒடுங்கி நின்றாள். வெளியே ஓட வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நீயும் அந்த மாதிரி பொறந்தவதான்" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கா. "அந்த மாதிரிதான்."

அவளிடம் சொந்த ஊர் கேட்டவர்கள் யாருக்கும் அவள் இப்படிப் பதில் சொன்னதில்லை. அவர் இன்னொரு அடி அடிப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், வெளியே போனார். அக்கா ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு, இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றக் கடைகள் திறக்கும் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நடந்ததை அன்றே நர்ஸிடம் சொன்னாள். மன்றத்தில் அவர் கண் கலங்கியதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அன்னைக்கும் அழுதுக்கிட்டேதான் அடிச்சாருக்கா" என்றாள் நர்ஸ்.

அக்கா கிளம்பும்போது அவளே, "என்னைக்காவது வந்து முழுப் படத்தையும் கேட்டா, அன்னைக்கு எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

அவர் இதுவரை வரவில்லை. மகனிடம் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். அதையும் அக்கா முழுசாக நம்பவில்லை. கண்காட்சி நல்லபடியாகவே நடந்தது. ஒரு படத்தின் மரச் சட்டத்தில் யாரோ ஆணியால் கீறி ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள். அம்மாள் அதைக் கழற்ற விடவில்லை. அதைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகமாக வந்தது. பக்கத்து ஊர் மன்றமும் இதே மாதிரி எடுத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பியது. அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, அடுத்த வாரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

படங்களை அந்தந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிடுவதென்று முடிவாகியிருந்தது. கடைசி நாள் நர்ஸும் வெல்டரும் மகளோடு வந்தார்கள். அக்கா சுற்றிக்கட்டப் பழுப்புத் தாளும் கயிறும் எடுத்து வைத்திருந்தாள்.

"நல்லா மூடிக் கட்டுங்கக்கா" என்றாள் நர்ஸ்.

"மூடுனா எப்படிப் பிடிக்கிறது, வழுக்கும்" என்றான் வெல்டர். தோளுக்காகச் சொன்னானா, வேறு எதற்காகவாவது சொன்னானா என்று தெரியவில்லை. நர்ஸ் அவனையே பார்த்தாள். பிறகு அக்காவின் கையிலிருந்த தாளை வாங்கி மடித்து மேஜையில் வைத்தாள்.

பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக, முகம் வெளியே தெரியும்படி அவன் படத்தைச் சுமந்துகொண்டு நடந்தான். பக்கத்தில் நர்ஸ் மகளை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அக்காவும் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலேயே போனாள். எதிரே வந்த ஒவ்வொருவரின் கையையும் பார்த்தாள்: பை, பால் பாத்திரம், சைக்கிள் பம்ப். மீன் விற்கிற ஒருவர் தராசைக் கீழே வைத்துவிட்டுப் படத்தையும் அவர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நர்ஸின் நடை நின்றது. அக்காவின் கை தானாக அவளுடைய முதுகுக்குப் போனது.

"எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்டார் அவர்.