ரெத்னபாய் டிராக்டரை விற்ற விதம்

கரமனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பியிருந்தேன். ரெத்னாவின் தம்பி செல்வராஜ் போனில் கூப்பிட்டான். "மீனாக்கா, இனி அவசரப்பட்டு வராண்டாம். பைய வந்தா போதும்" என்றான். போனை வைத்துவிட்டான். இரண்டு பஸ்கள் வந்து போயின. மூன்றாவதில் ஏறினேன். கண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நம் அலுவலகத்தில் முப்பது வருஷம் தபால் பிரிவில் இருந்த ரெத்னபாயை உங்களில் பலருக்குத் தெரியும். பாறசாலையிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை ஓர் அதிகாரி, திங்கட்கிழமை வந்த கடிதத்தை வெள்ளிக்கிழமையே வந்ததாகப் பதியச் சொன்னார். அறையில் பத்துப் பேர் இருந்தோம். அவள் எழுந்து நின்று, "சார், வெள்ளியாழ்ச்ச நான் இங்க இருந்தேன். கடுதாசி இருந்தில்ல" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த மாதிரி வேலைகள் வேறு மேஜைக்குப் போயின. எங்களுக்கு அது வேடிக்கைக் கதையாக இருந்தது. அவள் எதைச் சுமந்துகொண்டு தினமும் ரயிலேறி வருகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய அப்பா பொன்னையனிடம் ஒரு சிவப்பு டிராக்டர் இருந்தது. அந்தப் பக்கத்தில் நெல்வயல் நிறைய இருந்த காலத்தில் வாங்கியது. நாங்கள் வேலையில் சேர்ந்து நாலு வருஷம் இருக்கும்போது அவளுடைய கடைசித் தம்பி ஜெபசிங் அந்த டிராக்டரை வயலிலிருந்து மேட்டுக்கு ஏற்றினான். முன்சக்கரங்கள் இரண்டும் மேலே தூக்கிக்கொள்ள, வண்டி பின்பக்கமாக மறிந்து கவிழ்ந்தது. அவனுக்கு இருபத்திநாலு வயது. நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவளுடைய அம்மா அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

ஒரு மாதத்தில் பொன்னையன் வண்டியைச் சரிசெய்து மறுபடியும் உழப் போனார். ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். ரெத்னாவே அவரிடம் சண்டை போட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பதினேழு வருஷம் அதை ஓட்டினார். அம்மா வண்டி நிற்கும் கொட்டகைப் பக்கம் போவதே இல்லை. கிணற்றுக்குப் போக அதை ஒட்டியே நேர்வழி இருந்தும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். புருஷன் மேலும் வண்டி மேலும் உள்ள கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

பொன்னையன் போனபோது நிலத்தை செல்வராஜ் பெயருக்கும், வீட்டையும் டிராக்டரையும் ரெத்னா பெயருக்கும் எழுதி வைத்திருந்தார். டிராக்டரை ஏன் மகளுக்கு எழுதினார் என்று யாருக்கும் விளங்கவில்லை. அதற்குள் சுற்றிலும் ரப்பரும் வாழையும் வந்துவிட்டன. மிச்ச வயல்கள் தரிசாகக் கிடந்தன. துபாயிலிருந்த செல்வராஜ், வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றான். நானும் அதையே சொன்னேன். ஒரு வருஷம் அவள் தீர்மானிக்காமல் இருந்தாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "வித்தா தம்பிய வித்தது போல இருக்கு. வச்சா அம்மைக்க கண்ணுல குத்துது. நான் என்ன செய்ய, மீனா?" என்பாள். கடைசியில் அம்மாவுக்காக விற்றுவிடுவதென்று முடிவெடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க ஆள் வருகிறது, நீயும் வா என்றாள். போனேன். தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். முதல் வண்டி வாங்கப்போகிற சந்தோஷம் அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. அவன் இஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். நல்ல வண்டி என்றான். அந்தப் பெண் சக்கரத்து மூடிமேல் ஏறி உட்கார்ந்து புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். நான் காப்பி கொண்டுவர உள்ளே திரும்பினேன். பின்னால் ரெத்னாவின் குரல் கேட்டது.

"ஒரு காரியம் சொல்லணும். இந்த வண்டி மறிஞ்சுதான் எனக்க தம்பி செத்தான்."

அந்தப் பெண் மெல்ல இறங்கினாள். அவன் இஞ்சினை நிறுத்தினான். காப்பி குடிக்காமலே போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. "அவா சந்தோஷமா வாங்கிண்டு போயிருப்பா. நீ ஏண்டி சொன்னே? அவன் கேக்கவே இல்லையே!" என்றேன்.

"கேக்கல்ல. அதுதான் சொன்னேன். கேட்டிருந்தா ஆரும் சொல்லுவா" என்றாள் ரெத்னா.

அப்போதுதான் அம்மா வருவதைப் பார்த்தோம். வீட்டின் பின்வாசலிலிருந்து நேராகக் கொட்டகையை நோக்கி வந்தார்கள். பத்தடி தள்ளி நின்றார்கள்.

"அந்தப் பிள்ளையள்கிட்ட நீ பாதிதான் சொன்ன" என்றார்கள்.

"மீதி என்னம்மா?"

"அண்ணைக்கு அவன் சுத்துப் பாதையிலதான் வாறேண்ணு சொன்னான். மழை இருட்டிட்டு வந்தது. மேட்டு வழியா ஏத்திச் சட்டுண்ணு வாலேண்ணு நான்தான் வரப்புல நிண்ணு கூப்பிட்டேன். உனக்க அப்பனுக்குத் தெரியும். அவிய சாவுற வரைக்கும் என்னெ ஒரு வார்த்தை சொல்லல்ல. வண்டிய வித்தா, என்னெக் குத்தம் சொல்லுகது போல ஆயிரும்ணுதான் விக்காம ஓட்டினாவ."

ரெத்னா அவர்களை நோக்கி இரண்டடி வைத்தாள். பிறகு, "பின்ன நீ ஏன் இந்தப் பக்கமே வரல்ல?" என்று கேட்டாள்.

"எனக்கு அது மேல கோவம் ஒண்ணும் இல்ல மக்களே. முகம் காட்ட முடியல்ல."

ரெத்னா அம்மாவின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். அம்மா முந்தானையால் வண்டியின் சீட்டைத் துடைத்தார்கள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்கள். நான் வெளியே வந்து கிணற்றடியில் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா இருந்தவரை விற்கிற பேச்சே எழவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கப்பன் வாரம் ஒருநாள் வந்து இஞ்சினை ஓடவிட்டுப் போவார். அம்மா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்களாம். ஏழு வருஷம் இப்படிப் போனது. அம்மா போனார்கள். நாங்கள் ஓய்வு பெற்றோம். அப்புறம் ரெத்னாவுக்கு நோய் வந்தது.

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசியபோது அவள், "எத்தற மாசம், டாக்டர்?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். அவரும் சொல்லிவிட்டார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும், "இனி வண்டிய விக்கணும்" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. "இப்பப் போய் அதெல்லாம் என்னத்துக்கு? இத்தனை நாள் வச்சிண்டிருந்தே. செல்வராஜ் ஞாபகத்துக்கு வச்சிக்கட்டுமே" என்றேன்.

"ஞாபகத்துக்கு வைக்க அது படமில்ல, மீனா. ஓடுற வண்டி. ஆராவது ஒருநாள் ஏறி ஓட்டுவான். நான் போன பிறவு செல்வராஜ் விப்பான். அவன் நல்லவன்தான். ஆனா இத சொல்லமாட்டான்."

அவளுடைய பஞ்சாயத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து, தரிசாகக் கிடந்த வயல்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். பொன்னையன் உழுத அதே வயல்கள். உழவுக்கு வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளான சாந்தகுமாரி வந்தாள். ரெத்னா இந்தமுறை முழுதும் சொன்னாள். அம்மா கூப்பிட்டதையும் சொன்னாள். சாந்தகுமாரி எழுந்து போய்விடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ, "எவிட வச்சு மறிஞ்ஞது? அந்த எடம் காட்டித் தரணும், சேச்சி" என்றாள்.

மருந்து ஏற்றிய உடம்பு. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். என் தோளைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்து ரெத்னா அந்த மேட்டுக்கு வந்தாள். அம்மா நின்ற வரப்பையும் காட்டினாள். சாந்தகுமாரி வயலில் இறங்கிக் கீழிருந்து மேடு வரைக்கும் பார்த்தாள். இரண்டு தடவை ஏறி இறங்கினாள்.

"இது செங்குத்தா நிக்குது சேச்சி. ஆரு ஓட்டியாலும் மறியும்" என்றாள்.

ரெத்னா அவளையே பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்ததை, மண் ஒட்டிய காலோடு நின்ற ஒரு பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். "இத எங்கம்மை கேட்டிருக்கணும்" என்றாள் ரெத்னா. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். தம்பியின் அடக்கத்தில்கூட அழாதவள்.

அந்தப் பெண்கள் இரண்டு வாரம் மண்வெட்டி பிடித்து மேட்டை நீளமான சரிவாக வெட்டினார்கள். அதன் பிறகுதான் வண்டியை எடுத்துப் போனார்கள். அப்போது ரெத்னா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். டிராக்டர் வயலிலிருந்து ஏறி வருவதைப் படம் பிடித்து சாந்தகுமாரி போனில் அனுப்பியிருந்தாள். நான்தான் பிடித்துக் காட்டினேன். மூன்று தடவை போடச் சொன்னாள். "முன்சக்கரம் தூக்கல்ல, பாத்தியா?" என்றாள். பாத்தேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கதையை விட்டுவிட்டால் அவளுக்குச் செய்கிற மரியாதையாகாது. என் மகள் ஜானகிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுபோயிற்று. அவள் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது வலியசாலையிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. நாங்கள் வலிப்பைச் சொல்லவில்லை. பையனின் அம்மா விசாரிக்க ரெத்னாவிடம் போனாள். ரெத்னா சொல்லிவிட்டாள். சம்பந்தம் முறிந்தது. ஏழு மாதம் நான் அவளோடு பேசவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். தினமும் நாலு மணிக்கு என் மேஜையில் ஒரு டீயைக் கொண்டுவந்து வைப்பாள், திரும்பிப் போவாள். ஒருநாள் கூட மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு எல்லாம் சொல்லித்தான் ஜானகியைக் கட்டிக்கொடுத்தோம். முதல் பிரசவத்துக்குப் பின் அவளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. மாப்பிள்ளை பதறாமல் அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்தார். அவருக்குத் தெரிந்திருந்ததால் என் பெண் பிழைத்தாள். அன்றைக்கே ரெத்னாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜானகிக்குப் போன் செய்தேன். அந்த முதல் சம்பந்தம் முறிந்தது ஜாதகத்தால் அல்ல, ரெத்னா சொன்னதால்தான் என்று சொன்னேன். இத்தனை வருஷம் மகளிடம் மறைத்திருந்தேன்.

ஜானகி சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. ரெத்னா ஆன்ட்டி காலேஜ் வாசல்ல வந்து நின்னா. 'நான் சொல்லிட்டேன் மோளே. நீ கோவப்படணும்னா எங்கிட்ட கோவப்படு'ன்னா. உங்கிட்ட நான் சொல்லலை."

என் கோபத்தையும் அப்படி நேரில் வாங்கிக்கொள்ளத்தான் அவள் தினமும் நாலு மணிக்கு என் மேஜைக்கு நடந்து வந்திருக்கிறாள். அந்த நடையைத்தான் அவள் நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன். சொல்லாத நன்றி என்னிடமே தங்கிவிட்டது. அதை இனி யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை.