கவிழ்க்காத படகு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு, ராணுவக் குடியிருப்பு ஒன்றில் கொசுப்புழு தேடும் வேலை கிடைத்தது. நீளக் கைப்பிடி வைத்த அகப்பையால் தேங்கிய நீரை மொண்டு பார்க்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் அதிகாரி பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். எல்லைக் காடுகளில், மலேரியா அதிகமான முகாம்களில் பல வருடம் இருந்தவர். கடிக்க வரும் கொசுவை ஆய்வுக்காகக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பதற்கு யாராவது காலைக் காட்டி உட்கார வேண்டும். சிப்பாய்களிடம் சொல்வதற்கு முன், அவரே பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு உட்காருவார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாலைக்குள் முகாமில் ஒரு டப்பாவில்கூடத் தண்ணீர் நிற்காது.

ஓய்வுபெற்று அடையாறுக்குக் குடிவந்தவரை மாநகராட்சியில் டெங்கு ஒழிப்பு வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் ஊரூர் குப்பத்தின் ஒரு சந்தில் வரிசையாகக் காய்ச்சல். வீடுகளில் குடமும் டிரம்மும் மூடித்தான் இருந்தன. சந்து முனையில் சும்மா நின்ற ஃபைபர் படகில் அகப்பையை விட்டேன். புழு துள்ளியது. படகைக் கவிழ்த்து வையுங்கள் என்றார் அதிகாரி, முகாமில் பேசும் அதே குரலில்.

படகுக்குரிய அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. உள்ளே அவருடைய மகள் நிறைமாதமாக இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார். அந்த அம்மாவின் கணவர் வேறொருவர் படகில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவருடைய சொந்தப் படகான இதைக் கவிழ்த்தால், அவர் இனி இல்லை என்று ஊருக்குச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

அடியில் ஒரு ஓட்டையாவது போடலாமா என்று அதிகாரி கேட்டார். அப்போதுதான் அந்த அம்மா வாய் திறந்தார்.

"ஓட்டை போட்டுட்டா, அவரு வந்து இன்னாத்துல கடலுக்குப் போவாரு?"

தார்ப்பாய் கட்டினோம். அதன் குழிவில் நீர் தேங்கி, அங்கேயும் புழு. மருந்து போட்டோம். அடுத்த மழையில் நீரோடு வழிந்துபோனது. போலீசை வைத்துக் கவிழ்த்துவிடலாம் என்று உடன் வந்த ஒருவர் யோசனை சொன்னார். அதிகாரி கூடாது என்றார்.

மறுநாள் காலை அவர் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு படகில் ஏறினார். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனால் நீரை இறைக்கத் தொடங்கினார். நானும் ஏறினேன். பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னா மிலிட்டரி, துப்பாக்கிய புடுங்கிக்கினு டப்பா குட்த்துட்டாங்களா?"

"கொசுவுக்கு இது போதும்பா," என்றார் அவர், கை நிற்காமல். கொசு முட்டை படகின் பக்கங்களில் ஒட்டியிருக்கும் என்று உட்புறத்தைப் பழந்துணியால் அழுத்தித் தேய்க்கவைத்தார். மழை பெய்த மறுநாளெல்லாம் போனோம். அந்த அம்மா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பேத்தி பிறந்தாள். அந்த வீட்டுக்குள் காய்ச்சல் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதிகாரிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி நான் தனியாகப் போக வேண்டும். இறைக்கத் தெரியும், அந்த வாசலில் நின்று குரல் கொடுக்கத்தான் தெரியாது. முதல் மழை பெய்த மறுநாள் டீக்கடையில் நின்று, வேண்டாத இரண்டாவது டீயையும் குடித்தேன். நான் போகாவிட்டால் புழு வரும். கிளாஸை வைத்துவிட்டு நடந்தேன்.

அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் நின்று இறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இவ்ளோ லேட்டு? பின்னாண்ட இன்னும் தண்ணி கீது. ஏறு."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.