பூக்காத மரத்துக்குச் செருப்படி

எனக்கு வாய் முந்துமா கை முந்துமா என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பந்தயமே கட்டலாம். பெரும்பாலும் கைதான் முந்தும். கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துப் பிழைத்தவள் நான். என் புருஷனுக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்த தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார். வீட்டில் ஓர் ஈயைக்கூட அடிக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் அடித்தேன்.

துரை பங்களாவில் ஒரு மரம் நின்றது. எந்த மாதம் பார்த்தாலும் பச்சைதான், ஒருநாளும் மொட்டையாகாது. இலையின் மேல்பக்கம் எண்ணெய் தடவினாற்போல் மின்னும், அடிப்பக்கம் துரு நிறம். பூ ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம், வெள்ளை வெளேர் என்று. துரை வீட்டு அம்மா அதை மெக்னோலியா என்பார், நாங்கள் துரைச் செண்பகம் என்போம். எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் அடியில் கிடந்த காயிலிருந்து சிவப்பு விதைகளைப் பொறுக்கி வந்து என் வாசலில் ஊன்றினேன். ஒன்றே ஒன்று முளைத்தது. அப்போது என் மகளுக்கு ஐந்து வயது.

இரண்டையும் ஒன்றாகத்தான் வளர்த்தேன். கன்றுக்குக் கோழி எரு போட்டேன், கவ்வாத்துக் குப்பையை அள்ளி வந்து வேரைச் சுற்றிப் பரப்பினேன், மலைக்காற்றில் சாயாமல் கம்பு நட்டுக் கட்டினேன். ஒரு முறை கடைசி வீட்டுக்காரியின் ஆடு குருத்தைக் கடித்துவிட்டது. அவளோடு கட்டிப் புரண்டு, அவள் தோட்டைப் பிடித்து இழுத்தேன். காதிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் விட்டேன்.

பத்து வருஷம் போயிற்று. மரம் கூரைக்கு மேலே போய்விட்டது, ஒரு மொட்டு இல்லை. விதை போட்டு வளர்த்தால் அது பூக்க அவ்வளவு காலம் ஆகும் என்று எனக்கு யார் சொல்வது? தின்பதெல்லாம் தின்றுவிட்டுத் திமிர் பிடித்து நிற்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் மகளுக்கு மூன்றாம் படிவச் சோதனை, அரசாங்கப் பரீட்சை. அதில் தேறாவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்தது, மறு வாரமே முதுகில் கூடை ஏறிவிடும். என் அம்மா இந்தத் தேயிலைக்குள்ளேயே விழுந்து செத்தாள். நானும் அப்படித்தான் போவேன். இவள் போகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். இவளோ சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கணக்கிலும் மலாயிலும் சிவப்பு மையோடு வந்து நின்றாள்.

அடுப்புப் பக்கத்தில் கிடந்த தேயிலைக் கட்டையை எடுத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதை அவள் கையால் தடுத்தாள், ஒரு விரல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. குறுக்கே வந்த புருஷனுக்கும் முதுகில் ஒன்று விழுந்தது. “முருங்கைய ஒடிச்சு வளக்கணும், புள்ளைய அடிச்சு வளக்கணும்” என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அங்கே அந்த மரம் எனக்கென்ன என்று நின்றுகொண்டிருந்தது.

பூக்காத மரத்துக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. பழைய செருப்பையும் துடைப்பத்தையும் கிளையில் கட்டித் தொங்கவிட்டால் மரம் வெட்கப்பட்டுப் பூக்கும் என்பார்கள். நான் கட்டித் தொங்கவிடவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தேன். ஆத்திரம் அடங்காமல் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து கொத்தினேன். பட்டை பெயர்ந்த இடத்தில் விரலை விட்டு இழுத்து, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு உரித்துப் போட்டேன். உள்ளே மரம் ஈரமாக, வெள்ளையாக இருந்தது. புருஷன் பார்த்துக்கொண்டே நின்றார்.

மகள் தேறினாள். அடுத்த சில மாதங்களில் மரமும் பூத்தது. ஒன்று இரண்டல்ல, கொப்புக்குக் கொப்பு பூ.

“அக்காவுக்குக் கைராசி லா! எங்க வீட்டுக் கழுதைக்கும் ரெண்டு போட்டு வுடுங்க” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்? அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அடித்தேன். மார்க் குறைந்தால் அடி, புத்தகத்தின் மேலே தூங்கிவிட்டால் அடி, குழாயடியில் நின்று சிரித்தால் அதற்கும் அடி. ஐந்தாம் படிவமும் தேறினாள். தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று, அதை முதலில் அப்பாவிடம் காட்டினாள் என்பதற்காகக் கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

அவள் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு மரத்தின் இலைகள் பழுத்துக் கொட்ட ஆரம்பித்தன. கிளையைப் பிடித்தால் சுள்ளியாக ஒடிந்தது. என்ன நோய் இது என்று புருஷனிடம் கத்தினேன்.

“நோயெல்லாம் இல்ல. நீ பட்டைய உரிச்ச அன்னைக்கே அது செத்துப்போச்சு. சாகப்போற மரந்தான் அப்படி விழுந்தடிச்சுப் பூக்கும்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“ஒன்கிட்ட யாரு சொல்றது?”

வழக்கமாக அந்தப் பதிலுக்கு ஏதாவது பறந்திருக்கும். அன்று கை எழவில்லை. உள்ளே மகள் கோணல் விரலால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மரத்துக்குச் செய்ததைத்தானே இவளுக்கும் செய்திருக்கிறேன்.

அவள் புறப்படும் நாளில் தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்ல நினைத்தேன். பழக்கமில்லாத வாய், ஒன்றும் வரவில்லை. கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றிக்குக் கையைக் கொண்டு போனேன்.

பையைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, அவள் அப்படியே குந்திவிட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“அடிக்கலடி. திருநீறுடி.”

“தெரியலம்மா. மன்னிச்சுக்கங்கம்மா.” அவளே எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “பரவால்லம்மா. வைங்க.”

நெற்றியைக் காட்டினாள். கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் பூசி முடித்து, கையைக் கீழே இறக்கி, “ஆச்சு” என்று சொல்லும்வரை அவள் மூச்சு விடவில்லை.