நனைந்த சாக்கு மணம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஹரோவில் எனக்கொரு சின்ன வைன் கடை இருந்தது. ஒரே தோட்டத்து ஆறு வைன்களை ருசித்து, இருபதுக்குப் புள்ளி போடவென்று நகர நடுவிலிருந்த ஒரு மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். அங்கே கிளாஸ் கழுவ ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, முழங்கைவரை சுருட்டிய வெள்ளைச் சட்டை. கழுவுமுன் ஒவ்வொரு கிளாஸையும் மூக்கருகே பிடித்து, கண்மூடி ஒரு மூச்சு இழுப்பார், பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல.

மூன்றாவது வைனுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பதினேழு போட்டேன். வெற்றுக் கிளாஸ் எடுக்க வந்தவர் என் பெயர் அட்டையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"தம்பி, உந்தப் போத்தில் பழுது. நனைஞ்ச சாக்கு மணக்குது. வடிவா மணந்து பாருங்கோ."

மேசையைச் சுற்றி வெள்ளைக்காரர் எட்டுப் பேர். தமிழே தெரியாதவன்போல, "சொரி?" என்றேன். அவர் விலகிப் போனார்.

என் கிளாஸில் மீந்ததை முகர்ந்தேன். சாக்கேதான். பதினேழை வெட்டி நான்காக்கினேன். போத்தல் பழுதென்று ஆங்கிலத்தில், என் சொந்தக் கண்டுபிடிப்பாக, அறிவித்தேன். மற்றவர்களும் முகர்ந்தார்கள். "நல்ல மூக்கு" என்று ஒருவர் தோளில் தட்டினார். நான் மறுக்கவில்லை.

எல்லோரும் போனபின் கழுவுமிடத்துக்குப் போனேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ."

அவர் என் கிளாஸை வாங்கி முகர்ந்தார், நீருக்குள் அமிழ்த்தினார், பணிவாகத் திரும்பினார்.

"சொரி, சேர்?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.